லியாங் வாத்தியாருக்கு வாரிசு உண்டா?

1

ஊரில் யாராவது, "சீனாவுல என்ன வேல பாக்குத?" என்று கேட்டால், "இங்கிலீஷ் டீச்சர்" என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. தாய்யுவான் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எடுக்கிறேன். பிழைப்பு அதில்தான் நடக்கிறது. மீதி நேரத்தில் நான் செய்வதைச் சொன்னால்தான் கேட்பவர் முகம் மாறிவிடும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஷான்ஷி மாகாணத்தில் வருஷக்கணக்கில் மழை பொய்த்து, ஊர் ஊராகச் சனம் செத்துப்போன ஒரு பஞ்சம் உண்டு. அதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்கிறோமே, அதுவும் அதே காலம்தான்.

"அவனவன் சம்பாதிக்க வெளிநாடு போறான். நீ செத்தவனுக்குக் கணக்கெடுக்கவா போன?" என்று என் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நான் இங்கே வந்தது ஆராய்ச்சிக்காக இல்லை. கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்த என் கணவரை அவருடைய கம்பெனி இங்கே அனுப்பியது. கைக்குழந்தையோடு நானும் வந்தேன். ஊரில் வரலாறு படித்திருந்தேன். இங்கே காய்கறிச் சந்தையில் சீனம் பேசக் கற்றுக்கொண்டேன். பிறகு வகுப்புக்குப் போய் எழுதக் கற்றுக்கொண்டேன். அதன்பின் பழைய சீனம். சில வருஷங்களுக்கு முன் கணவருடைய ஒப்பந்தம் முடிந்தது. "நீங்க முன்னால போங்க, நான் படிப்ப முடிச்சிட்டு வாரேன்" என்றேன். அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு மகளின் பள்ளிக்கூடத்தைத் தாண்டுவதில்லை, அவ்வளவுதான்.

மகள் சுபா விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் வருவாள். ஞாயிறு சாயங்காலம் போய்விடுவாள். மற்ற நாட்களில் இந்த வீட்டில் தமிழ் கேட்பதென்றால் நானாக வாய்விட்டு எதையாவது சொல்லிக்கொண்டால்தான். சோற்றுப் பானையிடம் பேசுவேன். "கொஞ்சம் பொறு, இறக்கிருதேன்" என்பேன். பிறகு எனக்கே கூச்சமாகிவிடும்.

என் ஆராய்ச்சியைப் பற்றி ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் என் அய்யா. அவர் இறந்து இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிறது.

2

அய்யா ஆடு மேய்த்தவர். கழுகுமலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். வெள்ளாமை எடுத்த காடுகளில் கிடை போட்டுப் பாதி வாழ்நாளை வெட்டவெளியில் கழித்தவர். தள்ளாமை வந்ததும் ஆடுகளை விற்றுவிட்டு என் அண்ணன் முருகேசனோடு இருந்தார். அண்ணன் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய போனில் அய்யாவோடு பேசுவேன்.

சாப்பிட்டியா, மழை பெய்ததா, பேத்தி எப்படி இருக்கா. அது தீர்ந்ததும் இரண்டு பேரும் சும்மா இருப்போம். போனை வைக்கவும் மனசு வராது. அப்படி ஒரு நாள் பேச்சு அற்றுப்போனபோது, அந்த வாரம் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

தெற்கு ஷான்ஷியில் பல ஊர்களில், பஞ்சம் தீர்ந்ததும் கல் நட்டிருக்கிறார்கள். தானியம் என்ன விலை விற்றது, சனம் எதையெல்லாம் தின்றது, எத்தனை வீடு ஆளில்லாமல் போயிற்று என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் கல்வெட்டுகள். நான் எடுத்துக்கொண்ட ஒரு சின்ன ஊரின் கல்லுக்கு வாசகம் எழுதியவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். லியாங் என்பது அவருடைய குடும்பப் பெயர். தாய், மனைவி, இரண்டு பையன்கள் எல்லோரும் போய், தான் மட்டும் மிஞ்சியவர். தன்னைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி. மற்றதெல்லாம் ஊரைப் பற்றி.

 

"ஆடு மாடெல்லாம்?" என்றார் அய்யா.

"அதுவ மொதல்லயே போயிட்டாம் அய்யா."

"போகும், போகும்" என்றார்.

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டியா என்று கூடக் கேட்கவில்லை. "ஏட்டி, அந்த வாத்தியாரு பொறவு என்ன செஞ்சாரு?"

"தெரியல அய்யா. அவரப் பத்தி வேற ஒரு இடத்துலதான் எழுதியிருக்கு. வாரிசு இல்லாமச் செத்தாருன்னு போட்டிருக்கு."

"போட்டது யாரு?"

அந்தந்த வட்டாரத்தின் வரலாற்றை அதிகாரிகள் அவ்வப்போது தொகுத்து வைப்பது இந்த நாட்டில் நெடுநாள் வழக்கம். அதில் ஒன்றில் இருந்தது அந்தத் தகவல். அதை அய்யாவுக்குச் சொன்னேன். கண்ணால் கண்டவர் எழுதியதை முதன்மை ஆதாரம் என்போம், அதை வைத்துப் பின்னால் எழுதியதை இரண்டாம்நிலை ஆதாரம் என்போம் என்றும் சொன்னேன்.

"கண்ணால பாத்தவனும் பொய் சொல்லுவாம்லா?"

"சொல்லுவான். அதனாலதான் ஒண்ணோட ஒண்ண வச்சுப் பாக்கணும்."

"இத எழுதுனவிய அந்த ஊருக்குப் போயா எழுதுனாவ?"

"போயிருக்க மாட்டாவ. யாருகிட்டயாவது கேட்டு எழுதிருப்பாவ."

"அப்ப நீ போய்க் கேளு. நீ அங்கனதான இருக்க. கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்குமா பஸ்ஸு இல்லாமப் போச்சு?"

அய்யாவுக்குச் சீனா அவ்வளவு சின்னது. தாய்யுவானில் இருந்து அந்த ஊருக்கு ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் பாதி நாள் ஆகும் என்று சொன்னேன். "ஆகட்டுமே" என்றார். அதற்குப் பிறகு வாராவாரம் அதே கேள்வி. வாத்தியார் மறுபடி கல்யாணம் கட்டினாரா? கஞ்சி ஊத்த ஆள் இருந்ததா? எனக்கு அலுப்பாகக் கூட இருக்கும். என் கட்டுரைக்கு அந்தக் கேள்வியால் ஒரு உபயோகமும் இல்லை. கல்வெட்டின் வாசகம் தேவை, எழுதியவரின் வீட்டு நடப்பு எதற்கு? ஆனாலும் ஞாயிறு வந்தால் அந்தக் கேள்விக்காகவே போனை எடுப்பேன்.

3

அந்தக் கல்வெட்டின் படத்தை ஒரு சனிக்கிழமை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். சுபா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அகராதியைப் புரட்டி எழுத்து எழுத்தாக முட்டிக்கொண்டிருந்த இடத்தை அவள் நின்றபடியே வாசித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பழைய சீனம் மனப்பாடம் செய்கிற பிள்ளை. பெருமையாகத்தான் இருந்தது.

வாசித்து முடித்து, "நாங்கள் ஷான்ஷிக்காரர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறோம்" என்றாள், சீனத்தில்.

நம் தமிழைப் போலவே வடக்குச் சீனத்திலும் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு. அவள் சொன்னது 'நாங்கள்'. அதில் நான் இல்லை. அது இரண்டுக்கும் பொதுவாகவும் வழங்கும் சொல்தான் என்று பிறகு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் முழிப்பாள்.

4

போன வருஷம் தீபாவளி கழிந்து சில நாளில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அய்யாவுக்கு மூச்சிரைப்பு, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

"பயப்படாத. நல்லாப் பேசுதாரு. இட்லி கேக்காரு" என்றான்.

எனக்கு உடனே கிளம்பவேண்டும் போல இருந்தது. ஆனால் பாஸ்போர்ட் என் கையில் இல்லை. இங்கே தங்கும் அனுமதியை வருஷாவருஷம் புதுப்பிக்கவேண்டும். அப்போது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதை வைத்துக்கொண்டு சீனாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வெளியே போக முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அலுவலகத்தில் போய் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், நல்ல பெண். "என்ன அவசரம்?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் இந்த மொழியில் பேசி, எழுதி, கருத்தரங்கில் வாதாடியவள் நான். அன்றைக்கு நாக்குப் புரண்டுவிட்டது. நோய் என்கிற சொல்லையும் ரொட்டி என்கிற சொல்லையும் இங்கே குரல் ஏற்ற இறக்கத்தால்தான் பிரித்துச் சொல்லவேண்டும். "என் அப்பாவுக்குக் கடுமையான ரொட்டி" என்று சொன்னேன்.

"என்ன ரொட்டி?" என்றாள் அந்தப் பெண்.

திரும்பவும் சொன்னேன். திரும்பவும் ரொட்டிதான் வந்தது. பின்னால் நின்ற ஆள் மெதுவாகச் சிரித்தான். மூன்றாவது தடவை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது. எழுந்து போய் யாரிடமோ கேட்டு வந்தாள். இன்றைக்கே வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும், அதைச் சீனத்தில் மொழிபெயர்த்து முத்திரை வைத்துத் தரவேண்டும், இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட் திங்கட்கிழமை தயாராகிவிடும் என்றாள். அண்ணன் மருத்துவரின் சீட்டைப் படம்பிடித்து அனுப்பினான். அந்தக் கையெழுத்தை மொழிபெயர்ப்பு நிலையத்தில் யாராலும் படிக்க முடியவில்லை. அதற்குள் அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது. இனி திங்கள்தான்.

அன்று சாயங்காலம் அய்யாவே போனில் பேசினார். குரல் இளைத்திருந்தது.

"எப்ப வார?"

"திங்கக்கிழம பாஸ்போர்ட் கிடைச்சிரும் அய்யா. செவ்வாக்கிழம அங்கன இருப்பேன்."

"சரி, மெதுவா வா. நாளைக்கும் நாளன்னைக்கும் லீவுதான உனக்கு?"

"ஆமா."

"சும்மா ரூமுக்குள்ள கெடந்து அழுதுக்கிட்டு இருக்காத. அந்த வாத்தியாரு ஊருக்குப் போயிட்டு வா. வந்து எனக்குச் சொல்லு."

5

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினேன். சுபாவுக்கு அந்த வாரம் தேர்வு, வீட்டுக்கு வரவில்லை. ரயிலில் இறங்கி, பஸ் மாறி, கடைசியில் ஒரு ஆட்டோ மாதிரியான வண்டியில் போய் இறங்கியபோது மத்தியானம். மஞ்சள் மண் மேடுகளைக் குடைந்து கட்டிய வீடுகள். தினை அறுத்த காடுகளில் தாள் மட்டும் நின்றது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளெல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் போல.

ஊர் முகப்பில் ஒரு ஆள் நிலக்கரி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் வயசு இருக்கும். லியாங் குடும்பம் இந்த ஊரில் உண்டா என்று கேட்டேன். என் முகத்தையும் என் சீனத்தையும் ஒன்று சேர்த்துப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாதி ஊரே லியாங்தான். எந்த லியாங்?"

கல்வெட்டு எழுதிய வாத்தியாரைச் சொன்னேன். அவருக்கு வாரிசு இல்லையாமே, பங்காளிகள் யாராவது இருந்தால் பார்க்கவேண்டும் என்றேன்.

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "அப்படி யார் சொன்னது?"

"வட்டார வரலாற்றுப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது."

"புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்களா?" என்றார். கோபமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஏதோ சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டவர் மாதிரி முகம் சுருங்கிவிட்டது. "நாங்கள் அவருடைய வாரிசுதான். நானும் என் அண்ணனும், பிள்ளைகளும்."

அவர் பெயர் லியாங் ஜுன். லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார். பஞ்சம் அடங்கிவந்த சமயம், கோயில் வாசலில் ஒரு பையன் கிடந்திருக்கிறான். எந்த ஊர் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாத்தியார் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்து, தன் குடும்பப் பெயரையே வைத்தார். ரத்த உறவு இல்லை என்பதால் வம்சப் பட்டியலில் அவனைச் சேர்க்கப் பங்காளிகள் சம்மதிக்கவில்லை. அந்தப் பையன்தான் ஜுன்னுடைய தாத்தாவின் அப்பா. வாத்தியாரின் சமாதி கரைந்துவிடாமல், பிள்ளைகள் செய்யும் முறையாக வருஷந்தோறும் மண் அள்ளிப் போடுகிறவர்கள் இவர்கள்தான்.

ஆராய்ச்சிக்காரியாக யோசித்தால் இது வாய்வழிச் செய்தி. ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. எழுத்தில் ஆதாரம் கிடையாது. அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. ஆனால் அப்போது எனக்கு இருந்த அவசரம் வேறு. அங்கேயே நின்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவன் குரல் மாறியிருந்தது. "காலைல திருநவேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். மூக்குல குழாய் வச்சிருக்கு. பேச முடியல."

"நெனவு இருக்கா?"

"கண்ணு தொறந்திருக்கு. யாரப் பாக்காருன்னு தெரியல."

"போனக் காதுல வையி அண்ணே."

"இப்பப் போயி என்னத்தட்டி சொல்லப் போற?"

"வையி அண்ணே."

வைத்தான். எந்திரத்தின் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். "அய்யா, வாத்தியாரு ஊருக்கு வந்திருக்கேன். அவருக்குப் பிள்ள உண்டு. கோயில் வாசல்ல கெடந்த பையனத் தூக்கி வளத்திருக்காரு. அவன் வம்சம் இங்கன இருக்கு. லாரி ஓட்டுதாரு ஒருத்தர், எனக்கு முன்னாலதான் நிக்காரு. வருசா வருசம் சமாதிக்கு மண்ணு போடுதாவளாம். வாத்தியாரு தனியாச் சாகல அய்யா. கேக்குதா?"

ஜுன் துண்டைக் கையில் வைத்தபடி, தன் குடும்பக் கதை புரியாத மொழியில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் போனை வாங்கினான்.

"கேட்டாரா அண்ணே?"

"கையத் தூக்குனாரு. எதுக்குத் தூக்குனாருன்னு எனக்குத் தெரியலம்மா."

6

கடைசி பஸ் போய்விட்டது. அன்றிரவு ஜுன் வீட்டில் தங்கச் சொன்னார்கள். அவருடைய மனைவி தினைக் கஞ்சியும் ஊறுகாயும் கொடுத்தார். மறுநாள் காலையில், நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அய்யா போயிட்டாரும்மா" என்றான் அண்ணன். "இன்னைக்கே எடுத்துருதோம். வச்சிருக்க முடியாது. மழ விடாமப் பேயுது, காடு பூரா சகதி, பொழுது சாஞ்சா தூக்கிக்கிட்டு நடக்க முடியாது."

"சரி அண்ணே" என்றேன். 

ஜுன்னின் மனைவி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். பக்கத்தில் வந்தார், தொடவில்லை. தயங்கித் தயங்கி, "உனக்கு அழவேண்டும் போல இருக்கும். ஆனால் அந்நியச் சாவுக்கு எங்கள் வாசலுக்குள் அழக்கூடாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, வா" என்று சொல்லி என்னை வீட்டுக்குப் பின்னால், அறுத்த தினைக் காட்டின் வரப்புக்குக் கூட்டிப்போனார். "இங்கே அழு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றார். கொஞ்சம் தள்ளிப்போய் எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பொம்பளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையாக எடுத்துப் பாடி அழுவார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. கட்டிப்பிடிக்கவும் ஆள் இல்லை. "அய்யா, அய்யா" என்று மட்டும் கத்தினேன். எதிர் மேட்டில் மேய்ந்த செம்மறிகள் ஒரு தரம் தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கின.

திரும்பும் பஸ்ஸில் இருந்து சுபாவைக் கூப்பிட்டேன்.

"தாத்தா செத்துப்போச்சா?" என்றாள், தமிழில்.

நாய்க்கும் ஆட்டுக்கும் சொல்கிற சொல். அவளுக்கு அது தெரியாது. எனக்காகத் தமிழில் சொல்லவேண்டும் என்று முயற்சி செய்திருக்கிறாள். "ஆமா" என்றேன். 'இறந்துட்டாரா' என்று கேட்கவேண்டும் என்று திருத்த அன்றைக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை பாஸ்போர்ட் கிடைத்தது. அந்தச் சின்னப் பெண் என்னை அடையாளம் கண்டு, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

7

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போனேன். செருப்பில் ஒட்டிய கரிசல் மண் கழுவக் கழுவப் போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "கடைசியா மூஞ்சியப் பாக்கக் குடுத்து வைக்கலயே" என்றார்கள். அத்தை ஒருத்தி நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரேடியோ மாதிரி பேசுதியே ஏட்டி" என்றாள்.

ஒரு சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன். "தாது வருசப் பஞ்சத்துல நம்ம ஆளுக என்ன ஆனாவ? அய்யா எதுவும் சொல்லியிருக்காரா?"

"சொன்னதில்ல. கேட்டதும் இல்ல."

"அதுக்கு முந்தி நாம எங்கன இருந்தோம்?"

"யாருக்குத் தெரியும்? ஆடு எங்க போச்சோ அங்க போயிருப்போம்."

வெள்ளைக்கார அரசாங்கம் எழுதிவைத்த பஞ்ச அறிக்கைகளைப் பிறகு தேடிப் படித்தேன். எங்கள் பக்கத்தைப் பற்றியும் உண்டு. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. லியாங் வாத்தியாரின் மனைவி எந்தக் குடும்பத்துப் பெண் என்பது அந்தக் கல்லிலிருந்து எனக்குத் தெரியும். என் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள் யார் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

அண்ணன் என்னைக் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டான். வண்டி கிளம்பும் சமயத்தில், "இனி ஞாயித்துக்கெழம போன் பண்ணுவியா?" என்று கேட்டான். "பண்ணுதேன்" என்றேன். பண்ணுகிறேன். உளுந்து விலை, மக்காச்சோளத்தில் படைப்புழு, பையனுக்குக் காலேஜ் சீட்டு. அவன் நல்லவன். எனக்குத்தான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடமாட்டேன் என்கிறது.

8

இந்த வருஷம் என் கட்டுரை ஒரு ஆய்விதழில் வந்தது. லியாங் வாத்தியார் வாரிசு இல்லாமல் இறந்தார் என்று அச்சில் இருப்பது தவறாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து ஒப்புதல் தரும் நிபுணர், இது வாய்வழித் தகவல், வேறு சான்று இல்லை, அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்று எழுதினார். அவர் சொன்னது நியாயம்தான். அடிக்குறிப்பில் இரண்டு வரி வந்தது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்து ஜுன்னுக்கு அனுப்பினேன். தகப்பனாக வாத்தியார் பெயரையும் பிள்ளையாக அந்தக் கோயில் வாசல் பையன் பெயரையும் ஒரே வரியில் பார்த்து அவருடைய அண்ணன் அழுததாகச் சொன்னார். கட்டுரை வந்த செய்தியை ஊரில் யாரிடம் சொல்வதென்று யோசித்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை.

குளிர் தொடங்கும்போது, செத்தவர்களுக்குக் குளிருடை அனுப்பும் நாள் ஒன்று இங்கே உண்டு. பெரும்பாலும் நம் தீபாவளி அமாவாசையை ஒட்டியே வரும். காகிதத்தில் செய்த பஞ்சுச் சட்டை, போர்வை எல்லாம் கடைகளில் விற்பார்கள். சமாதிக்குப் போக முடிந்தவர்கள் அங்கே எரிப்பார்கள். ஊரைவிட்டு வந்தவர்கள் தெருச் சந்தியில் ஒரு வட்டம் போட்டு, தங்கள் ஊர் இருக்கிற திசையில் மட்டும் வாசல் மாதிரி ஒரு இடைவெளி விட்டு, வட்டத்துக்குள் எரிப்பார்கள். நாள் வருமுன்பே சனி ஞாயிறுகளில் ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனை வருஷமும் அதை ஆராய்ச்சிக்காரியாக நின்று பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை சுபா வரும்போது அவள் கையில் ஒரு பை இருந்தது. பொழுது சாயும் நேரம் என்னைக் கீழே கூப்பிட்டாள். சந்தியில் ஏற்கெனவே நாலைந்து வட்டங்கள் எரிந்து அணைந்து கிடந்தன. அவள் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, தாத்தா ஊரு எந்தப் பக்கம்?"

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. சூரியன் மறைந்த இடத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, தென்மேற்கே நூடுல்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் கையைக் காட்டினேன். அந்த இடத்தில் மட்டும் கோடு போடாமல் இடைவெளி விட்டு மீதியை முடித்தாள்.

பெயர் எழுதவேண்டும் என்றாள். எரிப்பதை வைக்கும் காகித உறையின்மேல் எழுதினால்தான் வேறு யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்களாம். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து, படம் வரைகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். பிறகு பையைப் பிரித்தாள். நீலக் காகிதத்தில் தைத்த பஞ்சுச் சட்டை, கழுத்து வரை பொத்தான் வைத்தது. சின்னதாக ஒரு தொப்பி.

அய்யா சட்டை போட்டு நான் பார்த்தது இரண்டொரு கல்யாணத்தில். மற்ற நாளெல்லாம் தோளில் துண்டுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்னம்மா?"

"நம்ம ஊர்ல குளிரே கிடையாது சுபா. தாத்தாவுக்கு இது எதுக்கு?"

அவள் யோசித்தாள். தமிழில் சொல்லவேண்டும் என்று சொற்களைத் தேடுவது அவள் உதட்டில் தெரிந்தது. தீக்குச்சியைக் கிழித்துக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"அங்க குளிராது. நம்மளப் பாக்க இங்க வந்தா குளிரும்ல?" என்றாள்.